நின்றுபோன நினைவுக் கடிகாரம்: துடைப்பதா, திறப்பதா, மாற்றுவதா?

பணி ஓய்வின்போது அப்பாவுக்குக் கொடுத்தது, பாட்டியின் படுக்கையருகே இருந்தது, திருமணப் பரிசாக வந்தது என்று ஏதோ ஒரு காரணத்தால் வீட்டில் தங்கிவிட்ட பேட்டரி மேசைக் கடிகாரம் ஒருநாள் நின்றுவிடுகிறது. புதுப் பேட்டரி போட்டும் அசையவில்லை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "இதற்குச் செலவழிப்பதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்." மணி பார்க்க ஒரு கடிகாரம் வேண்டுமென்றால் அது நியாயமான பதில். இப்படிப் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்துக்குப் பழம்பொருள் சந்தையிலும் பெரிய மதிப்பு கிடையாது. சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு இருக்கும் மரியாதை இதற்கு இல்லை. ஆனால் நினைவுக்காக வைத்திருக்கும் பொருளில் விலைக்கணக்கு செல்லாது. அங்கே கேட்க வேண்டியது வேறு: இந்தக் கடிகாரத்தில் எது போனால் உங்களுக்கு மனம் கேட்காது?

சிலருக்கு அது பின்பலகையில் பொறித்திருக்கும் பெயரும் தேதியும். சிலருக்குப் பழுப்பேறிய டயலும் அதன் முட்களும். இன்னும் சிலருக்கு மணிக்கொரு முறை வந்த மெட்டு, அல்லது இரவில் கேட்டுக்கொண்டே உறங்கிய டிக் டிக் ஓசை. முதல் இரண்டுமென்றால் உள்ளே இருக்கும் மெஷினை மாற்றுவதில் இழப்பு பெரிதாக ஒன்றுமில்லை. பின்னவை மெஷினைச் சேர்ந்தவை. அதை மாற்றினால் அவையும் போய்விடும். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சாதாரண பிளாஸ்டிக் மெஷின் கொண்ட கடிகாரமென்றால் துடைத்துப் பார்த்து, ஓடாவிட்டால் மெஷினை மாற்றுங்கள். ஓசைதான் நினைவு என்றால் மாற்றுவதற்கு முன் திறந்து பார்ப்பது நியாயம். டயலில் துளை போட வேண்டிய கட்டம் வந்தால் கருவிகளைக் கீழே வைத்துவிடுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் உள்ளே நடப்பது என்னவென்று கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. சிறு உலோகக் குப்பிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். சிப் செய்யும் வேலை அதுதான். நொடிக்கு ஒருமுறை அது ஒரு காயிலுக்கு, அதாவது மெல்லிய கம்பிச் சுருளுக்கு, மின்துடிப்பு அனுப்புகிறது. ஒரு துடிப்பு ஒரு திசையில், அடுத்தது எதிர்த்திசையில். ஒவ்வொரு துடிப்புக்கும் காந்தம் பதித்த குட்டிச் சக்கரம் அரைச்சுற்று சுற்றும். பிரெஞ்சுப் பொறியாளர் மாரியஸ் லாவே 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மோட்டார் அமைப்பு இது. அந்த அரைச்சுற்றின் விசையில்தான் பற்சக்கரங்களும் மூன்று முட்களும் நகர்கின்றன. விசை மிகமிகச் சிறியது. ஒரு தலைமுடி சிக்கினாலே நின்றுவிடக்கூடிய விசை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பழுதுகளில் பெரும்பாலானவை புரிந்துவிடும்.

திறக்காமலே பார்க்கக்கூடியவை

கடிகாரத்தை டயல் மேலே பார்க்கும்படி மேசையில் படுக்க வைத்து, நல்ல பேட்டரி போட்டுச் சிறிது நேரம் கவனியுங்கள். படுக்க வைத்தால் ஓடி, நிமிர்த்தினால் நிற்கிறதென்றால் படிகமும் சிப்பும் காயிலும் நலமாக இருக்கின்றன. எங்கோ உராய்வு கூடியிருக்கிறது, அல்லது பேட்டரி வலுவிழந்திருக்கிறது. நொடி முள் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். ஒன்பது எண்ணுக்கு அருகே நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தால் வியப்பில்லை. முள் மேலேறும் பாதையில், படுகிடையாக நிற்கும் அந்த இடத்தில்தான் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க வேண்டிய பாரம் உச்சத்தில் இருக்கும். வலு குறைந்த மெஷின் முதலில் தோற்பது அங்கேதான்.

முட்களைப் பக்கவாட்டிலிருந்து, கண் மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மணி முள் டயலைத் தொடுகிறதா, நிமிட முள் மணி முள்ளின் மேல் உரசுகிறதா, நொடி முள்ளின் நுனி கண்ணாடியில் படுகிறதா? பின்புறக் குமிழைத் திருப்பி முட்களை ஒரு முழுச் சுற்று கொண்டுவந்தால் உரசும் இடம் தெரிந்துவிடும். வளைந்த முள்ளை விரலால் இம்மியளவு நிமிர்த்திவிட்டாலே ஓடத் தொடங்கிய கடிகாரங்கள் எத்தனையோ. நாளுக்கு ஐந்து நிமிடம் பின்தங்கும் கடிகாரத்தையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். சாதாரணக் குவார்ட்ஸ் மெஷினுக்கே மாதத்துக்குப் பதினைந்து விநாடி வாக்கில்தான் பிசகு அனுமதி. நாளுக்கு ஐந்து நிமிடம் என்பது படிகத்தின் தவறல்ல. மோட்டார் சில துடிப்புகளைத் தவறவிடுகிறது.

அடுத்தது பேட்டரி அறை. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்றுப் பட்டதும் அது வெள்ளைப் பொருக்காக உறைகிறது. தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருளாகையால் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரில் லேசாக நனைத்துத் துடைத்தால் பொருக்கு நுரைத்துக் கரையும். பிறகு ஈரப் பஞ்சால் ஒருமுறை, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். மலிவான கார்பன் பேட்டரியின் கசிவு அமிலத் தன்மை கொண்டது. அதற்கு வினிகர் பயன்படாது, சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. பேட்டரியைத் தொடும் தகடு அந்த அறையோடு முடிந்துவிடுவதில்லை. அதன் மறுமுனை மெஷினுக்குள் நுழைந்து, பல மாடல்களில் பற்றவைக்கப்படாமல் வெறும் அழுத்தத்தால் மட்டுமே சர்க்யூட் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். கசிவு அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடும். வெளியே தகடு பளபளவென்று இருந்தும் கடிகாரம் ஓடாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

துடைப்பதில் செலவென்று ஒன்றுமில்லை, கெடுவதற்கும் அதிகம் இல்லை. கெடுதல் வந்தால் ஆர்வக்கோளாறால்தான் வரும். கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராக டயல் மேல் அடிப்பது, பித்தளை விளிம்பைப் பாலிஷ் போட்டுத் தேய்ப்பது போன்றவை வேண்டாம். டயலில் அச்சிட்ட எழுத்து ஆல்கஹாலிலும் அம்மோனியாவிலும் கரைந்துவிடலாம். பித்தளைக்கு மேலே பூசிய பாதுகாப்புப் பூச்சு போனால் திட்டுத்திட்டாகக் கறுக்கும். உலர்ந்த மென்தூரிகை போதும்.

மெஷினைத் திறப்பது

துடைத்தும் ஓடவில்லையென்றால் இரண்டு வழிகள் பிரிகின்றன. பழைய மெஷினைச் சரிசெய்வது அவற்றில் ஒன்று. உணர்ச்சிப்பூர்வமாக இதுவே சரியென்று தோன்றும். அதே மெஷின், அதே ஓசை. நடைமுறையில் எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதைப் பிரித்துச் சொல்லிவிட முடியும்.

முதலில் மெஷினைக் கழற்ற வேண்டும். டயலின் மேல் ஒரு மெல்லிய அட்டையை வைத்துக்கொண்டு நொடி முள்ளை நேர் மேலாக இழுத்தால் வந்துவிடும். நிமிட முள்ளைச் சிறு நட் பிடித்திருக்கும், அல்லது அதுவும் வெறுமனே அழுத்திச் செருகப்பட்டிருக்கும். மணி முள்ளை லேசாகத் திருகியபடி மேலே தூக்க வேண்டும். பிறகு நடுவில் இருக்கும் பெரிய நட்.

வெளியே வந்த மெஷின் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி என்றால் ஓரங்களில் கொக்கிகள் தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும். மூடி திறக்கும் நொடியில் பற்சக்கரங்கள் மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்து சிதறும். எது எங்கே இருந்தது என்பதை அப்புறம் ஊகிப்பது கொடுமை. மெஷினைப் படுக்க வைத்து, மூடியைச் செங்குத்தாக மெதுவாகத் தூக்கி, எதையும் தொடுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தச் சக்கரம் இரும்புத் திருகாணியைக் கண்டால் தாவிக்கொள்ளும் என்பதால் பிளாஸ்டிக் இடுக்கி உதவும். காயில் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. ஸ்க்ரூடிரைவர் நுனி ஒருமுறை வழுக்கிப் பட்டால் கதை முடிந்தது.

சரிசெய்யக்கூடியவை: பற்களுக்கிடையே சிக்கிய நார், காந்தச் சக்கரத்தில் ஒட்டிய இரும்புத் துகள், அரித்துப்போன தகட்டு முனை, காய்ந்து பிசினான பழைய எண்ணெய். சரிசெய்ய முடியாதவை: அறுந்த காயில், செத்த சிப், பல் உடைந்த சக்கரம். மல்டிமீட்டர் இருந்தால் காயிலின் இரு முனைகளுக்கிடையே மின்தடையை அளந்து பாருங்கள். சில நூறு ஓம் காட்டினால் காயில் நலம். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. வீட்டில் அதைச் சுற்றிச் சரிசெய்வது வீண் வேலை.

எண்ணெய் விஷயத்தில் கறாராக இருங்கள். "கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் ஓடும்" என்று யாராவது ஒருவர் சொல்லத்தான் செய்வார். விட்டால் சில நாள் ஓடவும் செய்யும். பிறகு அந்த எண்ணெய் பரவி, தூசியைச் சேர்த்து, முன்பைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சக்கரங்கள் எண்ணெயில்லாமல் ஓடுவதற்காகவே செய்யப்பட்டவை. துருவெடுக்கும் ஸ்பிரேயைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆக, இந்த வழி யாருக்கு? 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் வந்த சில கடிகாரங்களில் உலோகத் தட்டுகளுக்கிடையே உலோகச் சக்கரங்கள் வைத்து, திருகாணி போட்டு மெஷினைக் கட்டியிருப்பார்கள். அவை கழற்றிச் சுத்தம் செய்வதற்கென்றே உருவானவை. அப்படியொன்று கையில் இருந்தால் மாற்றும் எண்ணத்தை ஒத்திப்போடுங்கள். பிளாஸ்டிக் பெட்டி என்றால், அதன் ஓசை உங்களுக்கு முக்கியமாக இருந்தாலன்றி மெனக்கெடுவதில் பொருளில்லை. ஒரே ஒரு சமாதானம் உண்டு: எப்படியும் மாற்றப்போகும் மெஷின்தானே என்று திறப்பதில் நட்டமில்லை.

மெஷினை மாற்றுவது

பெரும்பாலான கடிகாரங்களுக்கு முடிவு இங்கேதான் வரும். 56 மி.மீ. சதுரமான மெஷின் கிட்டத்தட்ட உலகப் பொது அளவாகிவிட்டது. எளிதில் கிடைக்கும், மாற்றுவதும் எளிது என்பார்கள். அளவு ஒத்துப்போனால் உண்மையிலேயே எளிதுதான். ஒத்துப்போகாதபோதுதான் ஆட்கள் அவசரப்பட்டு டயலைக் கெடுக்கிறார்கள். ஆகவே வாங்குவதற்கு முன் அளவெடுங்கள்.

மெஷினின் நடுவிலிருந்து நீளும் தண்டில் மரை போட்ட பகுதியின் நீளம் முதன்மையான அளவு. டயலின் கனம், அதற்குப் பின்னால் மரப்பலகை இருந்தால் அதன் கனம், வாஷர், நட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். டயலும் பலகையும் சேர்ந்து 6 மி.மீ. என்றால் மரை 9 மி.மீ. வாக்கில் வேண்டியிருக்கும். குறைந்தால் நட் பிடிக்காது. கூடினால் முட்கள் டயலைவிட்டு வெகுவாக உயர்ந்து நிற்கும். நினைவுக் கடிகாரங்களில் கண்ணாடி டயலுக்கு மிக அருகில் இருப்பது வழக்கம், நொடி முள் அதில் இடிக்கும். அதனால் தண்டின் மொத்த நீளத்தையும் அளந்துகொள்ள வேண்டும். பழைய மெஷினைக் கையில் வைத்து ஒப்பிட்டு வாங்குவதே உத்தமம்.

அடுத்தது முட்கள். கடிகாரத்தின் முகம் என்று நாம் நினைவில் வைத்திருப்பதில் பாதி முட்களின் வடிவம். புது மெஷினோடு வரும் முட்களைப் போட்டால் கடிகாரம் யாரோ ஒருவருடையதைப் போல மாறிவிடும். பழைய முட்களையே பொருத்த வேண்டுமென்றால் துளை ஒத்துப்போக வேண்டும். சில மெஷின்களில் நிமிட முள்ளின் துளை வட்டமாக இருக்கும், அழுத்திச் செருக வேண்டும். வேறு சிலவற்றில் துளையின் இரு பக்கமும் தட்டையாக இருக்கும், மேலே நட் வரும். எது உங்களுடையது என்று பார்த்து அதே வகையைக் கேளுங்கள். பசை வைத்து ஒட்டும் யோசனை வேண்டவே வேண்டாம். உடனடியாக ஒட்டும் சூப்பர் பசையின் ஆவி மூடிய கடிகாரத்துக்குள் கண்ணாடியிலும் டயலிலும் வெண்மையாகப் படிந்துவிடும். மூன்று முட்களில் அடிக்கடி தகராறு செய்வது நொடி முள்தான். அதன் குழாய் நூலிழை அளவு வேறுபட்டாலும் உட்காராது. அப்போது நொடி முள்ளை மட்டும் உறையில் போட்டு வைத்துவிட்டு, மற்ற இரண்டோடு ஓடவிடலாம். அது இல்லாமலும் மெஷின் ஓடும், பாரமும் குறையும்.

நான் மேலே சொன்ன துளை விவகாரத்துக்கு வருகிறேன். எல்லாக் கடிகாரங்களிலும் மெஷினை நடு நட்டுதான் பிடித்திருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. கொஞ்சம் உயர்ந்த தயாரிப்புகளில் மெஷினைப் பின்புறமிருந்தே திருகாணியால் டயலோடு இணைத்திருப்பார்கள். டயலின் நடுவில் முட்களின் குழாய் நுழையும் அளவுக்கே சிறு துளை இருக்கும்; முன்பக்கம் நட் என்று ஒன்று கண்ணிலேயே படாது. புது மெஷினின் மரைக்கோ பொதுவாக 8 மி.மீ. விட்டமுள்ள துளை வேண்டும். அதற்காக டயலைக் குடைந்தால் பூச்சு உதிரும், எனாமல் என்றால் தெறிக்கும், எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் நடுவே ஒரு பித்தளை நட் துருத்திக்கொண்டு நிற்கும். இதைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. இங்கே மாற்றுவதைக் கைவிட்டு அடுத்த வழிகளைப் பாருங்கள். துளை தேவைக்குப் பெரிதாக இருந்தால் கவலையில்லை, அகன்ற வாஷர் போதும்.

ஓசையையும் யோசிக்க வேண்டும். நொடி முள் விட்டுவிட்டு நகரும் மெஷின் டிக் டிக்கென்னும். வழுக்கிக்கொண்டே போகும் வகை ஏறக்குறைய மௌனமாக இருக்கும். கடைகளில் மௌன வகையைச் சிறப்பு என்று சொல்லி விற்பார்கள். ஓசையோடு வளர்ந்தவருக்கு அது சிறப்பல்ல. டிக் ஓசை வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். ஆனால் அதே ஓசை வராது. மரப்பெட்டியின் அளவும் ஒலியில் சேர்வதால், அதே பெட்டிக்குள் வைத்தால் சற்று நெருங்கி வரும்.

பொருத்தும்போது முட்கள் அனைத்தையும் பன்னிரண்டில் நேராக வைத்துச் செருகிவிட்டு, குமிழைத் திருப்பி முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள். மணியடிக்கும் மெஷின் என்றால் ஒரு படி கூடுதல்: முதலில் தண்டைத் திருப்பி மணியடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த நிலையில் நிமிட முள்ளைப் பன்னிரண்டில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றே காலுக்கு மூன்று மணி அடித்துக்கொண்டிருக்கும்.

மெட்டும் ஊசலும் இருந்தால்

மணிக்கொருமுறை வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டு (லண்டன் பிக் பென் மணிக்கூண்டின் மெட்டு) இசைக்கும் கடிகாரங்களில் அந்த இசை ஒரு சிப்பில் பதிந்து சிறு ஒலிபெருக்கி வழியே வருகிறது. புது மெஷினிலும் அதே மெட்டு இருக்கலாம். ஆனால் சுருதியும் வேகமும் தொனியும் வேறாக இருக்கும். வீட்டார் காது உடனே கண்டுபிடித்துவிடும். முட்கள் நின்றும் மெட்டு மட்டும் இன்னும் ஒலிக்கிறதென்றால், எதையும் கழற்றுவதற்கு முன் செல்பேசியில் பதிவு செய்துவிடுங்கள். ஊசல் வேறு விஷயம். குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஊசல் அலங்காரத்துக்குத்தான். தனிக் காயில் அதைத் தள்ளுகிறது, நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊசல் நின்றுவிட்டது என்பதற்காக ஓடும் மெஷினை மாற்ற வேண்டியதில்லை.

இத்தகைய கடிகாரங்களுக்கும், நட் இல்லாத டயல்களுக்கும், அதே மாடலில் இன்னொரு கடிகாரத்தை வாங்கி உறுப்பு எடுத்துக்கொள்வது எல்லாவற்றிலும் பொருத்தமான தீர்வு. துளை, முள், மெட்டு எல்லாம் ஒன்றாகவே அமையும். ஆனால் அதற்கும் அதே வயது. பேட்டரி கசிவும் தேய்மானமும் அங்கேயும் இருக்கும். ஓடுகிறதா, பேட்டரி அறை எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. மாடல் பெயர் பெரும்பாலும் மெஷினின் முதுகில் அச்சிட்டிருக்கும். பெட்டியின் வெளித்தோற்றத்தை வைத்து மட்டும் தேடினால் உள்ளே வேறு மெஷின் வந்து சேரும்.

டயல், முள், கண்ணாடி எல்லாம் சேர்ந்த ஒரே வட்டக் கட்டமாகக் கிடைக்கும் செருகு கடிகாரமும் உண்டு. பழையதை உருவிவிட்டு அதே விட்டத்தில் இதைச் செருகினால் வேலை முடிந்தது. பெட்டியில் பொறித்த பெயர்தான் முக்கியம் என்பவருக்கு மட்டும் இது சரி. முகமே போய்விடுவதால் எனக்கு இதில் உடன்பாடில்லை.

பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதென்றால் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். குவார்ட்ஸ் என்றதும் பலரும் மெஷினை மாற்றித்தான் தருவார்கள். அதை நீங்களே செய்யலாம். உலோகக் கம்பிகளைச் சுத்தியல்கள் அடித்து ஒலியெழுப்பும் பெரிய வகை, உலோகத் தட்டு மெஷின், சர்க்யூட்டில் பழுது என்ற மூன்றுக்கும் நல்ல கைகாரரிடம் போவதே சரி. பழைய முட்களையே மாட்ட வேண்டும், கழற்றிய உறுப்புகள் அனைத்தும் திரும்ப வேண்டும், டயலில் கை வைக்குமுன் தெரிவிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் பழைய மெஷின் குப்பைக்குப் போய்விடும்.

ஓடாமலே வைத்திருப்பதும் ஒரு தேர்வுதான், குறிப்பாகத் துளையிட வேண்டிய டயல்களுக்கு. அதே மாடல் பின்னொரு நாள் கிடைக்கக்கூடும், அதுவரை எதுவும் கெட்டுப்போவதில்லை. பேட்டரியை மட்டும் உள்ளே விட்டுவிடக்கூடாது. ஓடாத கடிகாரத்திலும் அது கசியும். எடுத்த பேட்டரியின் அளவையும் மெஷினின் மாடல் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிப் பின்மூடிக்குள் வைத்துவிட்டால், அடுத்து அதைத் திறப்பவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.